கூடு மலிவாக இருக்கட்டும், பல்பு மலிவாக வேண்டாம்

காகிதத்தில் விளக்குக் கூடு செய்யச் சொல்லித்தரும் காணொளிகளுக்குப் பஞ்சமே இல்லை. பலூனை ஊது, தாளைக் கிழித்துக் கிழித்து அதன்மேல் ஒட்டு, காய்ந்ததும் பலூனைக் குத்து, உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிடு, வேலை முடிந்தது. பிறகு மேலே ஒரு பூச்சு வார்னிஷ், கொஞ்சம் சரிகை, கீழே நாலு மணி. காணொளி முழுக்கக் கூட்டைப் பற்றியே பேச்சு. உள்ளே எரியப்போகும் பல்பைப் பற்றி அரை வாக்கியம் வந்தால் அதிகம். என் கட்சி இதற்கு நேர் எதிர். கூட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம், அது ஒரு வருடம் தாங்கினால் போதும். காசும் கவனமும் போக வேண்டிய இடம் பல்பு, அதைப் பிடித்திருக்கும் ஹோல்டர், வயர், பிளக். ஜோகூர் மாதிரி காற்றிலேயே ஈரம் ஊறிக்கிடக்கும் ஊரில் இந்தக் கணக்குதான் சரிப்படும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். (லேம்ப்ஷேட் என்பதற்குக் ‘கூடு’ என்று நான் எழுதுவது நானாகக் கட்டிய சொல் இல்லை. இலங்கைத் தமிழர்கள் வெசாக் காலத்துக் காகித விளக்கை வெசாக் கூடு என்றுதான் சொல்கிறார்கள். நமக்கும் அது பொருந்துகிறது.)

நம் ஊரில் காகித விளக்கு புதுச்சரக்கு இல்லை. சீனப் புத்தாண்டு வந்தால் ஜோகூர் பாருவின் ஜாலான் தான் ஹியோக் நீ பக்கம் தெருவுக்குக் குறுக்கே சிவப்புக் கூடுகள் தொங்கும். எட்டாம் சந்திர மாதத்து முழுநிலவில் தங்லுங் விழா, அதாவது மூன்கேக் பண்டிகை. அப்போது அக்கார்டியன் மாதிரி விரிந்து சுருங்கும் காகித விளக்குகளைப் பிள்ளைகள் குச்சியில் மாட்டிக்கொண்டு தாமானைச் சுற்றுவார்கள். அதற்கப்புறம் தீபாவளி. ஒன்று பௌர்ணமிக் கணக்கு, மற்றது தேய்பிறை முடிவுக் கணக்கு என்பதால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வேடிக்கையானது. 2023, 2024 இரண்டு ஆண்டிலும் அது சரியாக 44 நாள். 2025-இல் வெறும் 14 நாள். சீனக் கடைகளில் தங்லுங் மிச்சச் சரக்கு மூலைக்குப் போகும் நேரமும், ஜாலான் உங்கு புவானில் தீபாவளித் தோரணங்கள் தொங்கத் தொடங்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொஞ்ச நாளில் கார்த்திகை தீபம் வேறு. மகாராஷ்டிரத்தில் தீபாவளிக்கு வாசலில் ஆகாச கண்டீல் கட்டுகிறார்கள், தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸுக்குக் காகித நட்சத்திரம் தொங்குகிறது. இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுக் குணம் உண்டு. எவரும் இவற்றைப் பத்து வருடத்துக்கு என்று செய்வதில்லை. பண்டிகை வரும், கூடு ஏறும், பண்டிகை போகும், கூடு இறங்கும்.

தமிழ் வீட்டுக்கு இந்தப் புத்தி ஒன்றும் அந்நியமில்லை. வாசலில் காலையில் போடும் கோலம் மதியத்துக்குள் காலடியிலும் மழையிலும் கலைந்துவிடும், அதற்காக யாரும் அழுவதில்லை. தென்னங்குருத்துத் தோரணம் கட்டிய மறுநாளே வாடத் தொடங்கும். மாவிலையும் அப்படித்தான். புதுப்பிக்கிற அலங்காரம் என்று ஒரு வகையே நம்மிடம் இருக்கிறது. காகிதக் கூட்டை நாற்காலி, அலமாரி வரிசையில் வைத்துப் பார்ப்பதால்தான் ‘இது எத்தனை நாளைக்கு வரும்?’ என்ற கேள்வி எழுகிறது. கோலம், தோரணம் வரிசையில் வைத்துவிட்டால் அந்தக் கேள்விக்கே வேலை இல்லை.

மலிவு என்பதற்காக மட்டும் காகிதத்தைப் பரிந்துரைக்கவில்லை. ஒளிக்குப் போர்த்தும் பொருளாகக் காகிதம் நிஜமாகவே நல்லது. ஜோகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்த உட்புறம். அங்கே ஒளி ஒவ்வொரு துண்டிலும் பட்டுத் திரும்பி அடிக்கிறது, கண் கூசக் கூசப் பார்ப்பதுதான் அதன் அழகு. காகிதம் செய்வது இதற்கு நேர் மாறான வேலை. காகிதம் என்பது நார்களின் பின்னல், நார்களுக்கு நடுவே நுண்ணிய காற்று இடைவெளிகள். உள்ளே நுழையும் ஒளி நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்குமாகத் தாவும்போதெல்லாம் திசை மாறுகிறது. கடைசியில் வெளியே வரும்போது எல்லாப் பக்கமும் சிதறி, தாள் முழுவதுமே ஒளிர்வதுபோலத் தெரிகிறது. வடை சுற்றிவந்த தாளில் எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறதே, அதுவும் இதே கதைதான். காற்றிருந்த இடத்தை எண்ணெய் நிரப்பிவிட்டது, சிதறல் குறைந்துவிட்டது. வார்னிஷ் அடித்தாலும் இதுதான் நடக்கும். ஒளியைச் சிதறடிக்கும் குணத்துக்காகக் காகிதத்தைத் தேடிப் பிடித்துவிட்டு, அந்தக் குணத்தையே அழிக்கும் பூச்சை அதன்மேல் அடிப்பது எந்த ஊர் நியாயம்? போதாக்குறைக்கு வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளாகும், தீப்பிடிக்கவும் உதவும்.

இந்தக் குணத்தை உலகத்துக்கு விளம்பரப்படுத்தியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் இசாமு நொகுச்சியைச் சொல்லலாம். ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த சிற்பி. 1951-இல் ஜப்பானின் கிஃபு ஊருக்குப் போனபோது அங்கே நலிந்துகொண்டிருந்த காகித விளக்குத் தொழிலைப் பார்த்தார். மெல்லிய மூங்கில் சட்டம், அதன்மேல் மல்பெரி மரப்பட்டை நாரில் செய்த தாள், உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில் மின்விளக்கு. ‘அகாரி’ என்று அவர் பெயர் வைத்த அந்த வரிசை இன்றும் அதே ஊரில் தயாராகிறது. கடைகளில் நாம் பார்க்கும் வெள்ளைக் காகித உருண்டைகளின் தாத்தா இதுதான். மல்பெரி நார் நீளமானது. அதனால் தாள் மெல்லிசாகவும் இருக்கும், சட்டென்று கிழியவும் செய்யாது. நமக்கு அந்தத் தாள் வேண்டுமென்று கட்டாயமில்லை. பாசிர் கூடாங்கில் காற்றாடிக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உலகக் காற்றாடித் திருவிழாவும் இருக்கின்றன. ஒரு வாவ் காற்றாடியை அருகில் போய்ப் பார்த்தால் அதே மூங்கில் எலும்பு, அதே மெல்லிய காகிதத் தோல். இந்த வித்தை இங்கேயே இருக்கிறது.

சரி, முதல் ஆட்சேபம். காகிதத்துக்குள் விளக்கு என்றாலே வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். தங்லுங் விளக்கில் மெழுகுவர்த்தி சாய்ந்து, பிள்ளை கையிலேயே கூடு பற்றிக்கொள்வது மலேசியாவில் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. பழைய குண்டு பல்பும் சாதுவில்லை. அது இழுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் போகும். 60 வாட் குண்டு பல்பின் கண்ணாடி, கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடாகும். காகிதம் தானாகப் பற்றிக்கொள்ளச் சுமார் 230 பாகை செல்சியஸ் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு வெகு முன்பே தாள் பழுப்பேறி, முறுகி, பொடியத் தொடங்கிவிடும். ஆகவே குண்டு பல்பு காலத்தில் காகிதக் கூடு என்பது கொஞ்சம் அசட்டுத் துணிச்சல்தான்.

நிலைமையை மாற்றியது எல்இடி. நீல எல்இடியைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நீல ஒளி கிடைத்த பிறகுதான் எல்இடியில் வெள்ளை ஒளி சாத்தியமானது. குண்டு பல்பைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த மலேசிய அரசு குறித்திருந்த ஆண்டும் அதே 2014 என்பது ஒரு நல்ல தற்செயல். 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்று ஏழு, ஒன்பது வாட்டில் வாங்கிவிடலாம். ஆனால் ‘எல்இடி சூடாகாது’ என்று சொல்லித் திரிகிறவர்களை நம்ப வேண்டாம். அது சூடாகும், சூடாகும் இடம்தான் வேறு. ஒளி வரும் முன்பக்கம் ஏறக்குறையக் குளிர்ச்சி. வெப்பமெல்லாம் பின்னால், திருகும் அடிப்பாகத்தில், அங்கே ஒளிந்திருக்கும் சின்ன மின்சுற்றில் தேங்கும். பல்பைச் சுற்றி இடம் விட்டுவிட்டு, அதன் கழுத்தில் தாளை இறுக்கிச் சுற்றிக் கட்டுகிறார்களே, அதுதான் தப்பு. கழுத்துக்குத்தான் காற்று வேண்டும். கூட்டின் மேல்வாயையும் கீழ்வாயையும் திறந்து வைத்தால் சூடான காற்று மேலே போகும், கீழிருந்து புதுக்காற்று வரும். இதனால் காகிதத்துக்கு மட்டுமல்ல, பல்புக்கும் ஆயுள் கூடும். மூடிய கூட்டுக்குள் போடாதே என்று பல எல்இடிப் பெட்டிகளிலேயே அச்சடித்திருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை.

என் வாதத்தின் மையமே இங்கேதான். எல்இடி பல்பில் கெட்டுப்போகக்கூடியது அந்தப் பின்பக்க மின்சுற்று. பேர் ஊர் தெரியாத மலிவு பல்பில் அதைத்தான் முதலில் மட்டமாகப் போடுவார்கள். உள்ளே எது கருகினாலும் அதற்கு மிக அருகில் இருக்கப்போவது உங்கள் காகிதம். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் தரைவிரிப்பில் கிடக்கும் ஹோல்டரும் வயரும் அதே ரகம். பிளக், வயர் போன்றவற்றுக்கு எரிசக்தி ஆணையத்தின் அனுமதியும் சிரிம் தரச்சான்று முத்திரையும் வேண்டுமென்று மலேசியச் சட்டமே சொல்கிறது. அந்த ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பார்த்து வாங்க ஒரு நிமிடம் ஆகுமா? சுவிட்சும் பிளக்கும் சேர்த்தே வரும் வயர் செட்டாக வாங்கிவிட்டால் நீங்கள் எதையும் முறுக்கி இணைக்க வேண்டியதில்லை. பிளக்கில் 13 ஆம்பியர் பியூஸ் இருந்தால் எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள், விளக்குக்கு அதுவே தாராளம். கூரையில் புதிதாக வயர் இழுத்துத் தொங்கவிட வேண்டுமா, அது உரிமம் பெற்ற வயர்மேன் வேலை. இவ்வளவும் செய்த பிறகு ஆபத்து பூஜ்யம் ஆகிவிட்டதா என்றால், இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அது எந்த விளக்குக்கும் பொருந்தும்.

நல்ல பல்புக்குச் செலவழிப்பது நட்டமும் இல்லை. பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கும் ஜோகூர் பாருவில் வருடம் முழுக்க ஏழு மணி சுமாருக்கு இருட்டிவிடும். ஏழிலிருந்து பதினொன்று வரை, தினம் நாலு மணி நேரம் எரிகிறது என்று வையுங்கள். 60 வாட் குண்டு பல்பு மாதத்துக்கு 7.2 யூனிட், 7 வாட் எல்இடி 0.84 யூனிட். 2025 ஜூன் வரை இருந்த பழைய வீட்டுக் கட்டணப்படி முதல் 200 யூனிட்டுக்குள் யூனிட்டுக்கு 21.8 காசு. முன்னது ஒரு வெள்ளி 57 காசு, பின்னது 18 காசு. வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். நம் கடைகளில் ‘டேலைட்’ என்று குவிந்திருப்பது 6500 கெல்வின் நீலவெள்ளை. வெள்ளைத்தாளுக்குள் அதைப் போட்டால் கிளினிக் வராந்தா மாதிரி இருக்கும். 2700 அல்லது 3000 கெல்வின் என்று பெட்டியில் தேடி எடுங்கள். காகிதத்துக்கு அழகு வருவது அந்த மஞ்சளில்தான்.

அடுத்த ஆட்சேபம் ஈரம். ‘இந்த ஊர்க் காற்றுக்குக் காகிதம் தாங்குமா?’ தாங்காது. மழுப்ப ஒன்றுமில்லை. காகிதம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும், காற்று உலர்ந்தால் கக்கிச் சுருங்கும். இரவில் ஏர்கான், பகலில் திறந்த சன்னல் என்றிருக்கும் படுக்கையறையில் இது தினமும் நடக்கும். சட்டத்தின்மேல் இழுத்து ஒட்டிய தட்டைத் தாள் இந்த ஆட்டத்தில் தொய்ந்துபோகும். பலூன் கூட்டின் கதை இன்னும் மோசம். மாவுப் பசையில் நாலைந்து அடுக்கு ஒட்டினால் உள்ளடுக்கு இங்கே சீக்கிரம் காயாது, பூஞ்சை பிடிக்கும். காய்ந்த பிறகு இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. புத்தகம் கட்டுகிறவர்கள் அந்தக் காலத்தில் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தது இதற்காகத்தான், ஆனால் மயில்துத்தம் விஷம். பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த யோசனையே வேண்டாம். வெள்ளைப் பசை போதும், அதிலும் எவ்வளவு குறைவாக ஒட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. பசையே வேண்டாத வழி ஒன்று உண்டு, மடிப்பு. விசிறி மாதிரி மடித்த தாள் ஈரத்தில் நீண்டாலும் அந்த நீளத்தை மடிப்புகள் வாங்கிக்கொள்ளும். தொய்வு கண்ணுக்கே தெரியாது. பலூனை விட்டுவிட்டு மடிப்புக்கு வாருங்கள் என்பதுதான் இந்த ஊருக்கு என் தீர்ப்பு.

ஒன்று செய்து பார்ப்போம். சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள வெள்ளை ஏ3 தாள் நான்கு. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் இரண்டு வாட்டமாகவும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு வாட்டத்தில் சொன்னபடி வளையும், மறுவாட்டத்தில் முரண்டு பிடிக்கும். எளிதாக வளைகிற வாட்டத்தில்தான் நார் ஓடுகிறது, மடிப்பும் அதன்படியே போக வேண்டும். நாருக்குக் குறுக்கே மடித்தால் மடிப்பின் முதுகு வெடித்து, விளக்கு போட்டதும் அழுக்குக் கோடாகத் தெரியும். ஏ3 தாளின் நீளம் 42 சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டால் 21 பட்டை. கோட்டைப் பேனாவால் போடாதீர்கள், உள்ளே விளக்கு எரிந்தால் பேனாக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேலோடு சேர்த்து அழுத்தி இழுத்தால் தாளில் பள்ளம் விழும், மடிப்பு தானாக அங்கே உட்காரும். ஒன்று மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி என்று மாற்றி மாற்றி மடியுங்கள். நான்கு தாளையும் இணைக்கும்போது ஒரு முழுப் பட்டையை இன்னொன்றின்மேல் படியவைத்து ஒட்டினால் இணைப்பு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். வளையமாக மூட்டிய பின் நான்கு இடத்தில் நான்கு பட்டை போக எண்பது பட்டை மிஞ்சும். மேல் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் கீழே ஒவ்வொரு பட்டையிலும் துளையிட்டு, நூலைக் கோத்து இழுத்து, பழைய மேசை விளக்கின் கம்பி வளையத்தில் உட்காரவைக்கலாம். மடிப்பு பாதியளவு விரிந்த நிலையில் கூட்டின் குறுக்களவு 25 சென்டிமீட்டர் சுமார் வரும். நடுவில் ஆறு சென்டிமீட்டர் பல்பு. சுற்றிலும் எட்டு சென்டிமீட்டருக்குக் குறையாத வெற்றிடம். நான்கு தாளின் எடையும் சேர்த்து அறுபது கிராம்கூட வராது.

இதற்கு மேல் அலங்காரம் என்ன என்று கேட்டால், நம்மிடம் புள்ளிக் கோலம் இருக்கிறதே. மடிப்பதற்கு முன், தாள் தட்டையாக இருக்கும்போதே, பழைய ரப்பர் பாயின்மேல் வைத்துத் தடித்த ஊசியால் குத்துங்கள். பட்டை இரண்டு சென்டிமீட்டர் என்பதால் நேர்ப்புள்ளியையும் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பட்டையின் நடுவில் விழும், மடிப்போடு மோதாது. சிக்குக் கோலத்தின் வளைவுகளைக் கத்தியால் கீறவேண்டாம், தாள் வலுவிழக்கும். நெருக்கமான ஊசித்துளைகளால் வரைந்தால் போதும். பகலில் அது வெறும் வெள்ளைத்தாள், துளை கண்ணில் படாது. இரவில் சுவிட்சைத் தட்டினால்தான் கோலம் எழும். ஆனால் ஒன்று: சுவரெல்லாம் கோலம் நிழலாக விரியும் என்று எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். எல்இடி பல்பின் பால்வெள்ளைக் குமிழ் முழுக்க ஒளிர்வதால் துளை வழியே கூர்மையான ஒளிக்கதிர் போகாது. கோலம் கூட்டின்மேல் மட்டும் தெரியும். அது போதும்.

பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பெருநாளுக்கும் வங்கியிலும் கடையிலும் கொடுக்கும் சிவப்பு, பச்சை, ஊதா உறைகள் நம் வீட்டு இழுப்பறைகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அவற்றைக் கோத்துத் தொங்கும் கூடு செய்வது மலேசிய வழக்கமாகவே ஆகிவிட்டது. பகல் வெளிச்சத்தில் பிரமாதம். இரவில் அது செத்த பொருள். தடித்த தாள், அதன்மேல் பொன் தகட்டு அச்சு. ஒளி வெளியே வர வழியே இல்லை. அதை அலங்காரமாகத் தொங்கவிடுங்கள், விளக்கென்று சொல்லாதீர்கள். தமிழ் நாளிதழில் கூடு செய்யலாமே, எழுத்தெல்லாம் ஒளிருமே என்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. நாளிதழ்த் தாள் மெல்லியது, உள்ளே ஒளி வந்தால் இரண்டு பக்க அச்சும் சேர்ந்தே தெரியும். முன்பக்கத்துத் திருமண வாழ்த்தும் பின்பக்கத்துக் கண்ணீர் அஞ்சலியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரவேற்பறையில் எரியும். தவிர, அந்தத் தாள் சில மாதத்தில் மஞ்சளேறிவிடும்.

மூன்றாவது ஆட்சேபம்தான் உண்மையிலேயே கனமானது. கடையில் மலிவாகவே கிடைக்கும்போது மெனக்கெட்டு ஏன் செய்ய வேண்டும்? எல்லாப் பொருளுக்கும் ஒரே விலை போடும் ஈகோ-ஷாப் நம் மாநிலத்து ஜெமந்தாவில் பிறந்த கடை. தெப்ராவில் 2017-இலிருந்து ஐக்கியா இருக்கிறது, நொகுச்சியின் பேரன்களான வெள்ளை உருண்டைகள் அங்கே அடுக்கடுக்காக உண்டு. நேரத்துக்கும் விலை வைத்துப் பார்த்தால் வீட்டில் செய்வது கட்டுப்படியாகாது என்பார்கள். வெற்று வெள்ளை உருண்டைதான் வேண்டும் என்றால் நான் அவர்கள் பக்கம்தான், போய் வாங்குங்கள். எண்பது பட்டை மடிப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைத் தின்றுவிடும், அதைச் சம்பளக் கணக்கில் போட்டால் எந்தக் கைவேலையும் நட்டம்தான். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு விடுபடல் இருக்கிறது. வாங்கியதை நாம் மாற்றமாட்டோம். காசு கொடுத்தது என்பதால் தூசி படிந்து, பழுப்பேறி, ஒரு பக்கம் கிழிந்த பிறகும் அது மூன்று நாலு வருடம் தொங்கிக்கொண்டேதான் இருக்கும். நாலு தாளில் செய்ததைக் கழற்றி எறியக் கை கூசாது. தீபாவளிக்கு ஒன்று, கிழிந்தால் இன்னொன்று. அடுத்த கூட்டின் செலவு தாள் மட்டும்தான், ஏனென்றால் பல்பும் ஹோல்டரும் வயரும் முன்பே நல்லதாக வாங்கியாயிற்று. நீடிக்க வேண்டியது நீடிக்கிறது, போக வேண்டியது போகிறது. கடை உருண்டை வாங்கும் பலரின் கணக்கு இதற்குத் தலைகீழ்.

கடை உருண்டைக்கு இந்த ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு, ஈசல். சாயங்கால மழை விட்டதும் கிளம்பும் ஈசல் கூட்டம் விளக்கைத் தேடித்தான் வரும். சின்ன வாயும் பெரிய வயிறுமாக இருக்கும் உருண்டைக்குள் அவை விழுந்தால் இறகும் உடலும் அடியில் குவியும், விளக்கு போட்டால் கறுப்புத் திட்டாகத் தெரியும். கீழ்வாய் திறந்த மடிப்புக் கூட்டில் எல்லாம் கீழே உதிர்ந்துவிடும், பெருக்கித் தள்ளினால் சரி. மடிப்பில் தூசி தங்காதா என்றால், தங்கும். உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டவே வேண்டாம். வாசல் ஓரத்தில், போர்ச்சில் தொங்கவிட ஆசைப்படுகிறவர்களுக்கு என் பதில் கொஞ்சம் கறாரானது. தீபாவளி வருவதே இடிமழைக் காலத்தில், அதற்குப் பின்னால் வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை நிற்கும். சாரல் அடிக்கும் இடத்தில் காகிதத்தையும் வீட்டு மின்சாரத்தையும் ஒன்றாக வைக்காதீர்கள். அங்கே பேட்டரியில் எரியும் சின்ன எல்இடி சரமே சரி. கூடு நனைந்தால் நனையட்டும், போவது காகிதம் மட்டும்தான்.

இந்த வருடத் தீபாவளிக்குச் செய்வதாக இருந்தால் முதலில் பல்பையும் வயர் செட்டையும் வாங்கி, கூடு எதுவும் போடாமல் ஒரு வாரம் தினமும் எரியவிட்டுப் பாருங்கள். கருகிய வாடை, மினுக்கல், இரைச்சல் ஏதாவது இருந்தால் பில்லோடு கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள். ஒரு குறையும் இல்லையென்றால் அப்புறம் தாளை எடுங்கள். பழைய கூட்டைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள்.